நுனி எந்தப் பக்கம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் அப்பாவுக்கு எண்பது வயது நிறைந்ததை ஒட்டிப் போன வாரம் திருக்கடையூரில் சதாபிஷேகம் செய்துவிட்டு வந்தோம். அப்பா, அம்மா, நான், மனைவி, மகள், மருமகன், நாலு வயதுப் பேத்தி, தங்கை வீட்டார் என்று வேனில் பதினோரு பேர். பேத்தி கடல் பார்க்கணும் என்றதால் பூம்புகாருக்கும் போய்விட்டு, மயிலாடுதுறை, குத்தாலம், ஆடுதுறை வழியாகக் கும்பகோணம் வந்து சேர இரவு எட்டரை ஆகிவிட்டது.

கும்பகோணத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சைவ ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தோம். அதன் பெயரை எழுதவில்லை. திருவிழா, கல்யாணம் என்று வெளியூர் போகும்போது வேறு சில ஓட்டல்களிலும், வாழையிலைக்குப் பதில் இலை மாதிரி வெட்டிய தாளைப் போடுவதைப் பார்க்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. இட்லிக்குக் கடப்பா கொடுத்தார்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சோம்பு மணத்தோடு குழைந்து, எங்கள் அம்மா வீட்டில் வைப்பது போலவே இருந்தது. பேத்தி இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பரிமாறிய தம்பி பெரியவர்களைப் பார்த்ததும், "ஐயா, இட்லி சூடா இருக்கு, மெதுவா சாப்பிடுங்க" என்று பக்கத்திலேயே நின்று கவனித்துக்கொண்டார். கடைசியில் வந்த டிகிரி காபியைக் குடித்த பிறகுதான் அம்மாவுக்கு அன்றைய அலுப்பே போனது.

என் மனதை உறுத்துவது சாப்பாட்டுக்கு முன்னால் நடந்தது. எல்லார் முன்னாலும் இலை விரித்தார்கள். அப்பாவுக்கு இரவில் கண் சரியாகத் தெரியாது. பழக்கத்தில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, நுனி இடது பக்கம் வரும்படி திருப்பிப் போட, நடுநரம்பைத் தேடி விரலை ஓட்டினார். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இரண்டு தரம் கை போய் வந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "நுனி எந்தப் பக்கம்னே தெரியலையேப்பா" என்றார்.

குனிந்து பார்த்தேன். பச்சை அச்சடித்து, இலை மாதிரி வெட்டிய தாள் அது. நடுநரம்பு, கிளை நரம்பு எல்லாவற்றையும் மையால் வரைந்திருந்தார்கள். இரண்டு கோடியும் ஒரே மாதிரி வளைந்திருந்தன. ஐம்பது வருஷம் பூவன் வாழை வைத்து, இலை அறுத்துக் கட்டுக் கட்டாக அனுப்பியவர் என் அப்பா. வாழைக்கறை படியாத சட்டை அவரிடம் ஒன்றுகூடக் கிடையாது. எண்பதாவது வயதில், காவிரிக்கரை ஊரிலேயே, அவர் முன்னால் அந்தத் தாள்! அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

கை கழுவப் போகுமுன் என் தாளின் ஈரமில்லாத ஒரு மூலையைக் கிழித்துப் பார்த்தேன். காகிதம் கிழிந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த மெல்லிய படலம் கிழியாமல் ரப்பர் போல இழுபட்டது. சூடான இட்லி, சாம்பார், எண்ணெய் எல்லாம் அந்தப் படலத்தின் மேல்தான் விழுகின்றன. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் குவளையும், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. தட்டுக்குத் தடை இருக்கும்போது, அதையே இலை வடிவத்தில் வெட்டினால் மட்டும் எப்படிச் சரியாகும்?

கல்லாவில் இருந்தவரிடம் கேட்டேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "முகூர்த்த நாள்ல இலையே கிடைக்கறதில்லைங்க. வர்ற கட்டுல பாதி கிழிசல். கழுவித் துடைக்க ஆளும் இல்ல." அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆடிக்காற்றில் இலை நார்நாராகக் கிழிவதும், முகூர்த்தத்தில் விலை எகிறுவதும் எங்களுக்குத் தெரியாததா? ஆனால் முகூர்த்தமே இல்லாத நாட்களில் இலையை வாங்க ஆளில்லாமல், அறுக்கிற கூலிகூடக் கட்டாமல் மரத்திலேயே காய விட்டிருக்கிறோம். அந்த நாட்களிலாவது ஓட்டல்காரர்கள் எங்களிடம் நேரடியாக வாங்கலாமே. வருஷம் முழுக்க ஒரே விலை என்று பேசிக்கொண்டால் இரண்டு பக்கமும் பிழைக்கும். கிழிசல் இலை என்றால் நாங்களே பொறுக்கி எடுத்துவிட்டு, நல்லதை மட்டும் அனுப்புவோம்.

வெளியே வந்தபோது ஓட்டல் பின்புறச் சந்தில் எச்சில் தொட்டியில் ஒரு பசு தலையை விட்டிருந்தது. வாழையிலை போட்ட காலத்தில் எச்சில் இலை மாட்டுக்குத் தீனி. இப்போது சோறு ஒட்டியிருக்கிறதே என்று அந்தத் தாளையும் சேர்த்து மெல்லுகிறது. மருமகன் போய் அதன் வாயிலிருந்து ஒரு தாளைப் பிடித்து இழுத்தார். பாதிதான் வந்தது. மாடு தின்றது போக மிச்சம் சாக்கடைக்கும், மழை பெய்தால் அரசலாற்றுக்கும்தான் போகும்.

2028இல் மகாமகம் வருகிறது. அப்போது கும்பகோணத்தில் சாப்பிட உட்காரப்போகும் கூட்டத்தை நினைத்துப் பார்க்கவே மலைப்பாக இருக்கிறது. அதற்கு முன்பே உணவுப் பாதுகாப்புத் துறையும் மாநகராட்சியும் ஓட்டல் ஓட்டலாகப் போய் இந்தத் தாளைப் பறிமுதல் செய்ய வேண்டும். விற்கிற மொத்தக் கடைகளை முதலில் பிடித்தால் வேலை சுலபம். அதோடு, திருவையாறு பக்கத்து இலை விவசாயிகளையும் கும்பகோணம் ஓட்டல் உரிமையாளர்களையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பேச, தோட்டக்கலைத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

என்னிடம் ஒன்றரை ஏக்கர் பூவன் இருக்கிறது. எந்த ஓட்டல் கேட்டாலும், விடியற்காலையில் அறுத்து, நார் போட்டுக் கட்டி, முதல் பஸ்ஸிலேயே ஏற்றிவிடத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வாழை விவசாயி ஒருவர்,
திருவையாறு வட்டம்.