எங்கள் காட்டுக்கு அடியில் இருக்கும் கல்லின் பெயரை எங்களுக்கும் சொல்லுங்கள்

இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் தமிழ்நாட்டுப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூர் பக்கத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவன். எங்களுக்கு இரண்டு ஏக்கர் காடு உண்டு; விவசாய நிலத்தைத்தான் எங்கள் பக்கம் காடு என்போம். அதில் அப்பா மூன்று போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட்டார். முதல் இரண்டிலும் புகைதான் வந்தது. மூன்றாவதில் கொஞ்சம் தண்ணீர் கிடைத்தது. தேங்காய் வைத்துப் பார்த்தவர் சொன்ன இடம், பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்ன இடம், கடைசியில் அப்பாவே மனதுக்குப் பட்டுக் காட்டிய இடம் என்று கடன் மேல் கடன் ஏறியது. கீழே என்ன பாறை, அது எப்படி வெடித்துக் கிடக்கிறது என்று சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை.

பல வருடம் கழித்து உங்கள் பூகோஷ் இணையதளத்தில் எங்கள் பகுதியின் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. நான் நடந்து பள்ளிக்கூடம் போன கரடும் ஓடையும் அதில் இருந்தன. இந்தப் பாறை எந்தத் திசையில் ஓடுகிறது, எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எங்கே ஒரு பாறை முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று யாரோ வெயிலில் நடந்து குறித்து வைத்திருக்கிறார்கள். சுத்தியால் தட்டி எடுத்த கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, நுண்ணோக்கியில் பார்த்துப் பெயர் சொல்லும் வேலை அது. அந்த உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஆனால் அந்த வரைபடத்தை என் அப்பாவால் படிக்க முடியாது. பாறைப் பெயரும் வண்ண விளக்கமும் எல்லாம் ஆங்கிலம். எங்கள் ஊரில் கருங்கல், வெங்கச்சங்கல், சுக்கான்கல் என்று நாங்கள் சொல்வதில் எது எந்த நிறத்துக்குள் வருகிறது என்று அதில் கண்டுபிடிக்க வழியில்லை.

1864-லேயே உங்கள் நிலவியலாளர்கள் கிங்கும் புரூஸ் ஃபுட்டும் சேலம், திருச்சி, தஞ்சாவூர், தென்னாற்காடு மாவட்டங்களின் நிலவமைப்பை எழுதி, உங்கள் நிறுவனம் அதை வெளியிட்டது. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்லுக்கு 1893-ல் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து சார்னோகைட் என்று பெயர் வைத்தார். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை மேல் கிடந்த கல்லும் அதே வகை என்பதால் அந்தப் பெயர். இன்று உலகத்தில் எங்கே அந்தப் பாறை கிடைத்தாலும் அதே பெயர்தான். எங்கள் வீட்டு வாசற்படியும் அம்மிக்கல்லும் அதுவாக இருக்கலாம் என்று பாட்டிக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்!

சித்தம்பூண்டி எங்களுக்கு எட்டிப்பிடிக்கும் தூரம். அங்கே கிடக்கும் அனார்த்தசைட் என்ற வெளிர்நிறப் பாறை ஏறத்தாழ 250 கோடி வருடப் பழமை உடையது. நிலாவின் மேட்டுப்பகுதியில் இருப்பதும் இந்த வகைப் பாறைதான். சந்திரயான்-2 இறங்குவதை ஒத்திகை பார்க்க, சித்தம்பூண்டி, குன்னமலைக் கற்களை இஸ்ரோ எடுத்துப் போய் அரைத்து நிலா மண் போலத் தயாரித்தது. பத்திரிகையில் செய்தி வந்தபிறகுதான் எங்கள் ஆட்கள் பலருக்குத் தெரிந்தது. நிலவியல் படித்தவர்களுக்கோ அந்தப் பாறை பல பத்தாண்டுகளாகத் தெரியும். காலடியில் இருந்ததைக் கடைசியாக அறிந்தவர்கள் நாங்கள்.

இதில் பெருமை மட்டும் இல்லை, பயமும் இருக்கிறது. மதுரை மேலூர்ப் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏல விஷயத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். 2024 நவம்பரில் ஏலத்தின் முடிவு வந்தபிறகுதான் அரிட்டாபட்டி மக்கள் பலருக்கும் தங்கள் ஊருக்கடியில் என்ன இருக்கிறது என்பதே தெரிந்தது. ஆயிரக்கணக்கானோர் மதுரைக்குப் பேரணியாகப் போனார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஏலம் விடுவது உங்கள் வேலை அல்ல, சுரங்க அமைச்சகத்தின் வேலை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் ஊருக்குள் முதலில் வந்து கல்லை எடுத்துப் பார்ப்பது நீங்கள். ஜீப்பில் வந்து, பாறையில் பெயின்ட்டால் எண் எழுதிவிட்டுப் போனால், அடுத்த வருடம் என்ன வருமோ என்று ஊர் பயப்படாமல் என்ன செய்யும்? சித்தம்பூண்டியில் பிளாட்டினம் வகைத் தனிமங்களைத் தேடியிருக்கிறீர்கள். அதைப் பற்றி டீக்கடையில் கேட்டால் பத்துப் பேர் பத்துக் கதை சொல்வார்கள்.

அதனால் என் கோரிக்கை இதுதான். உங்களிடம் இருக்கும் 1:50,000 அளவு வரைபடங்களை, அதாவது தரையில் அரை கிலோமீட்டரை ஒரு சென்டிமீட்டராகக் காட்டும் படங்களை, தமிழில் கொண்டுவாருங்கள். கலைச்சொல்லோடு ஊர் வழக்குச் சொல்லையும் பக்கத்தில் போடுங்கள். சார்னோகைட் என்று எழுதி, கருங்கல் என்றும் எழுதுங்கள். சேலத்து மாக்னசைட்டை வெள்ளைக்கல் என்றும் எழுதுங்கள். கள ஆய்வுக்கு வரும்முன் கிராம சபையில் ஒரு அரைமணி நேரம் பேசுங்கள். ஆய்வு முடிந்ததும், இன்ன இடத்தில் பார்த்தோம், இன்னது இருக்கிறது அல்லது ஒன்றும் இல்லை என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ஒன்றும் இல்லை என்பதையும் எழுதிக் கொடுங்கள், அது எங்களுக்கு நிம்மதி.

வரைபடம் வந்துவிட்டால் போர் போடும் இடம் தெரிந்துவிடும் என்று நான் நம்பவில்லை. அந்த அளவில் எங்கள் இரண்டு ஏக்கர் முழுதும் பக்கத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவுச் சதுரம்கூட வராது. ஆனால் கீழே இருப்பது வெடிப்பில் மட்டும் தண்ணீர் தேங்கும் கெட்டிப் பாறை என்று தெரிந்திருந்தால், பாறைப் பிளவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்திருந்தால், அப்பா இரண்டாவது போருக்கு முன்னால் ஒருமுறையாவது யோசித்திருப்பார்.

எங்கள் பஞ்சாயத்து அலுவலகத்தில், வரவு செலவுக் கணக்கு ஒட்டும் பலகைக்குப் பக்கத்துச் சுவர் காலியாக இருக்கிறது. தமிழில் ஒரு படம் அனுப்புங்கள். சட்டம் போட்டு மாட்டும் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
பரமத்தி வேலூர் வட்டத்து விவசாயி ஒருவரின் மகன்