முகாமில் வேட ஆட்டம் வைப்பவர்கள் கவனத்திற்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்தால் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பிள்ளைகளுக்கான முகாம்களுக்குக் குறைவில்லை. அடுத்தவர் நிலையைப் புரிந்துகொள்ளப் பழக்குவதற்காக அவற்றில் வேட ஆட்டத்தையும் சேர்ப்பது நல்ல காரியம். ஆனால் காலை விளையாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் கிடைத்த முக்கால் மணி நேரத்தில் அதைத் திணிப்பதாக இருந்தால் வேண்டவே வேண்டாம். இந்த ஆட்டத்தை நடத்திப் பழகியவர்கள் என்ற முறையில் அதற்கான காரணத்தையும், நடத்தும் முறையையும் எழுதுகிறோம்.

வேட ஆட்டம் மேடை நாடகம் அல்ல. மனப்பாடம் செய்த வசனம் இல்லை, பார்ப்பதற்கென்று ஆள் இல்லை. அறையில் உள்ள எல்லாருக்கும் ஒரு வேடம், ஒரு தேவை. அதை அடைய அவரவர் பேசியும் கெஞ்சியும் வாதாடியும் கதையை நகர்த்துகிறார்கள். ஆங்கிலத்தில் இதை லார்ப் என்பார்கள். டென்மார்க்கில் ஹோப்ரோ என்ற ஊரில் 2006-இல் தொடங்கிய ஒஸ்டர்ஸ்கவ் என்ற உறைவிடப் பள்ளி, பாடங்களையே இப்படி வேட ஆட்டத்தின் வழியாகத்தான் நடத்துகிறது.

நம் ஊருக்கு ஏற்ற ஆட்டம் ஒன்றைச் சொல்கிறோம். ஆடுபவர்கள் 24 பேர், வயது 13-க்கு மேல். நடத்துபவர்கள் மூவர். இடம் பாலாய் ராயா என்கிற ஊர்ப் பொதுமண்டபம், அல்லது தடுப்பை எடுத்துவிட்ட இரண்டு வகுப்பறைகள். கதை இதுதான்: ஆற்றில் வெள்ளம் ஏறுகிறது, அக்கரைக்குப் போக முத்திரை குத்திய சீட்டு வேண்டும், சீட்டு தரும் அலுவலகம் ஒன்றுதான். நான்கு பேர் எழுத்தர்கள், மேசைக்கு இருவராக இரண்டு மேசையில் உட்காருவார்கள். மீதி 20 பேர் ஊர்மக்கள். மணிலா அட்டையில் வெட்டிய வில்லையைச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். எட்டுப் பேருக்கு வட்டம், எட்டுப் பேருக்கு முக்கோணம், நான்கு பேருக்குச் சதுரம். வட்டம் பெயரைச் சொன்னாலே முத்திரை விழும். முக்கோணம் மூன்று வரிப் படிவத்தை நிரப்பி, ஒரு வட்டத்தின் கையெழுத்தும் வாங்கி வர வேண்டும். சதுரத்துக்கும் அதே படிவம்தான். ஆனால் அது நாமே உருவாக்கிய 12 குறிகள் கொண்ட எழுத்தில் இருக்கும், வட்டத்தின் கையெழுத்து இரண்டு வேண்டும், இரண்டாவது மேசையில் மட்டும்தான் கொடுக்க முடியும். மணி அடிக்கும்போதெல்லாம் அந்த மேசை மூன்று நிமிடம் மூடிவிடும். விதிகள் எழுத்தர்களின் தாளில் மட்டுமே இருக்கும், சுவரில் ஒட்டக்கூடாது. படிவம் 80 எடுத்துக்கொள்ளுங்கள், கிழிந்தும் தவறியும் அவ்வளவு போகும்.

வில்லைக்கு நிறம் வேண்டாம், வடிவம் போதும். நீலம், சிவப்பு, பச்சை என்றால் மலேசியாவில் அடையாள அட்டைதான் நினைவுக்கு வரும். குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரர் வீட்டுப் பிள்ளையோ, பிறப்புப் பத்திரத்துக்கே அலைகிற வீட்டுப் பிள்ளையோ அந்த அறையில் இருக்கலாம். பெயர்களும் எந்த இனத்துக்கும் சேராத கற்பனைப் பெயர்களாக இருக்கட்டும். 'நீ வங்காளதேசத் தொழிலாளி, நீ ஒராங் அஸ்லி பழங்குடி' என்று வேடம் கொடுத்துப் பாருங்கள், இரண்டாவது நிமிடமே பிள்ளைகள் பேச்சை இழுத்து, நடையைக் கோணி, கேலிக்கூத்தாக்கிவிடுவார்கள். அது பிள்ளைகளின் குற்றமில்லை. தெரியாத வாழ்க்கையை நடிக்கச் சொன்னால் கைக்கு அகப்படுவது கேலிச் சித்திரம் ஒன்றுதான். நம் வட்டாரத்து லாசா பக்கத்திலிருந்து வந்த தெமியார் பழங்குடி மாணவர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் அவர் மனம் என்ன பாடுபடும்?

கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கச் சொல்லும் பயிற்சியையும் இதே காரணத்துக்காக விட்டுவிடக் கேட்டுக்கொள்கிறோம். அப்படி நடந்தவர்களுக்குப் பார்வையற்றவர்கள்மேல் பயமும் பரிதாபமும் கூடுகின்றன, அவர்களால் தனியாக வாழ முடியும் என்ற நம்பிக்கை குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காரணம் எளிது. கண் கட்டியவருக்குக் கிடைப்பது முதல் ஐந்து நிமிடத் தடுமாற்றம். பத்தாண்டு கைத்தடியோடு பழகியவரின் திறமை கிடைப்பதில்லை. ஆட்டத்தை அமைக்கும்போதே உடற்குறை உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி புகுவதற்கு மேசைகளுக்கு நடுவே 90 சென்டிமீட்டராவது விடுங்கள்.

இந்த ஆட்டத்தின் உயிர் எழுத்தர்களிடம் இருக்கிறது. அவர்களுக்குத் தர வேண்டிய முக்கியமான கட்டளை: எவரிடமும் குரலை உயர்த்தாதே, சிரித்த முகத்தோடு பேசு, விதியை மட்டும் விடாதே. எழுத்தர் கத்தினால் ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் 'அந்தப் பையன் மோசம்' என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். எழுத்தர் மரியாதையாகவே பேசி, ஆனாலும் சீட்டுக் கிடைக்கவில்லை என்றால்தான் கண் விதியின் பக்கம் திரும்பும். சதுரம் குத்திய பிள்ளை மூன்றாம் முறை வரிசைக்கு வரும்போது கவனியுங்கள். படிவம் நான்காக மடிந்து வியர்வையில் நனைந்திருக்கும், குரல் தாழ்ந்திருக்கும். கேட்கும் முன்பே 'மன்னிச்சுக்கோங்க' என்று தொடங்கும். அந்த வார்த்தையைப் பேசச் சொல்லி எவரும் எழுதித் தரவில்லை.

இருபதாவது நிமிடத்தில் முக்கோணத்துக்கு விதியைத் தளர்த்துங்கள், கையெழுத்து இனி வேண்டாம். எங்களைப் பொறுத்தவரை அதிகம் கற்றுக்கொடுக்கும் நேரம் அதுதான். அதுவரை சதுரத்தோடு சேர்ந்து புலம்பிய முக்கோணங்கள் பலர் சட்டென்று முன்வரிசைக்குப் போய்விடுவார்கள். திரும்பிப் பார்க்கிறவர் ஒருவரோ இருவரோதான். பிறகு பேச உட்காரும்போது அந்த இடத்தைத் தவறாமல் தொட வேண்டும்.

தொடங்கும் முன் இரண்டு சொற்களைப் பழக்குங்கள். 'கட்' என்றால் எல்லாமே நிற்கும். 'பிரேக்' என்றால் ஆட்டம் தொடரும், எதிரே இருப்பவர் வேகத்தைக் குறைப்பார். 'நிறுத்து' என்ற சொல் உதவாது, சண்டைக் காட்சியில் வேடமே அதைச் சொல்லும். வாய் வராத பிள்ளைக்குக் கைச்சாடை: ஒருவர் விரலை வளையமாக்கிக் காட்டினால் மற்றவர் கட்டை விரலை உயர்த்த வேண்டும். வேறு எந்தப் பதில் வந்தாலும், தயங்கினாலும், வெளியே அழைத்து வந்துவிடுங்கள். தரையில் டேப் ஒட்டி ஒரு மூலையைப் பிரித்து, பாயும் தண்ணீரும் வைத்து, நடத்தும் மூவரில் ஒருவர் ஆட்டம் முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். பள்ளியில் ஏற்கெனவே ஒதுக்கப்படும் பிள்ளைக்குச் சதுரம் போய்ச் சேரக்கூடாது. அதனால் சீட்டுக் குலுக்கல் வேண்டாம், வகுப்பாசிரியரைக் கேட்டு முந்தைய நாளே வேடத்தைப் பிரித்துவிடுங்கள். கைப்பேசிகள் ஒரு பெட்டிக்குள் போகட்டும். எழுத்தராக ஆடிய பிள்ளையின் பத்து விநாடிக் காணொளி வாட்ஸ்அப்பில் சுற்றினால் வேடம் எது, ஆள் யார் என்று எவரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

நடத்துபவர் எந்த வேடத்தையும் ஏற்கக்கூடாது. 1971-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த சிறைச் சோதனை இரண்டு வாரத்துக்குத் திட்டமிடப்பட்டு ஆறே நாளில் நிறுத்தப்பட்டது. நடத்திய பேராசிரியர் சிம்பார்டோ தாமே சிறை அதிகாரியாகவும் இருந்தார். வெளியே நின்று பார்க்க வேண்டிய கண் உள்ளே போய்விட்டது. அதற்கு முன், 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட மறுநாள், அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ரைஸ்வில் ஊர் ஆசிரியை ஜேன் எலியட் தம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தால் பிரித்து, ஒரு பிரிவை உயர்வாகவும் ஒரு பிரிவைத் தாழ்வாகவும் நடத்தினார். அவர் நோக்கத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் என்ன நடக்கப்போகிறது என்று அந்தப் பிள்ளைகளுக்கு முழுதாகத் தெரியாது. விவரம் சொல்லி, சம்மதம் கேட்டு, விலகிக்கொள்ள வழியும் வைத்து நடத்துவதுதான் சரி. அந்த வயதுக்கு இது கூடவும் கூடாது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால் மணி நேரக் கதை நடிப்பே போதும்.

இனி நேரக் கணக்கு. விளக்கம் 20 நிமிடம், சொற்களையும் சாடையையும் பழக 20, ஆட்டம் 40, வேடம் களைய 10, பேச்சு 60. ஆக இரண்டரை மணி நேரம். பள்ளி வேன் ஐந்து மணிக்கு வரும் என்றால் ஐந்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தாமதமானால் ஆட்டத்தைக் குறையுங்கள், பேச்சைக் குறைக்காதீர்கள். பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. வேன் ஹாரன் அடிக்கிறது, 'சரி, என்ன கத்துக்கிட்டீங்க?' என்று ஒரு கேள்வி, கைத்தட்டல், முடிந்தது. சதுரம் அவமானத்தோடும் எழுத்தர் குற்றவுணர்வோடும் வீட்டுக்குப் போகிறார்கள்.

கூத்து முடிந்து அரிதாரத்தைத் துடைக்கிற மாதிரி, இங்கேயும் வேடத்தைக் களைந்தே ஆக வேண்டும். வில்லையைக் கழற்றிப் பெட்டியில் போட்டு, சொந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லி, முகம் கழுவி, மைலோ குடித்துவிட்டு வந்து உட்காரட்டும். எட்டெட்டுப் பேராக மூன்று குழு, ஒவ்வொன்றிலும் நடத்துபவர் ஒருவர். முதலில் எழுத்தர்கள் பேசட்டும். சதுரங்கள் முதலில் பேசினால் எழுத்தர்கள் குற்றவாளிக் கூண்டில் ஏறியவர்கள்போல் வாயை மூடிக்கொள்வார்கள். 'நீ ஏன் கொடுக்கல?' என்று கேட்காமல் 'எழுத்தர் ஏன் கொடுக்கவில்லை?' என்று கேளுங்கள். நடந்தது என்ன, அதை நடக்கவைத்த விதி எது, அப்படிப்பட்ட விதி நம் ஊரில் எங்கே இருக்கிறது என்ற வரிசையில் போங்கள். மூன்றாவது கேள்விக்கு வந்தால், மலாயில் படிவம் நிரப்பத் தெரியாமல் கவுண்டரில் நிற்கும் பாட்டியைப் பிள்ளைகளே சொல்வார்கள். கேண்டீனில் யார் தனியாக உட்காருகிறார் என்பதும் வரும். எந்தப் பிள்ளையையும் தன் இனத்துக்குச் சாட்சியாக நிறுத்தி 'உங்க வீட்ல எப்படி?' என்று கேட்டுவிடாதீர்கள். கடைசியாக, இந்த வாரம் தான் செய்யப்போகும் ஒரு காரியத்தை ஒவ்வொருவரும் தாளில் எழுதித் தன் பையிலேயே வைத்துக்கொள்ளட்டும். படித்துக் காட்ட வேண்டாம்.

சிறந்த நடிப்புக்கு ஹெம்பர் என்ற பரிசுக்கூடை கொடுக்கும் வழக்கத்தை இதற்கு மட்டும் தள்ளிவையுங்கள். பரிசு உண்டென்று தெரிந்தால் அழுகையும் கோபமும் ஏற்பாட்டாளரைப் பார்த்து வரும், எதிரே இருப்பவரைப் பார்த்து வராது. மூலைக்குப் போய் உட்கார்ந்த பிள்ளைகளை இரண்டு மூன்று நாள் கழித்து ஒருவர் கேட்டறிய வேண்டும். யார் கேட்பது என்பதை முகாமுக்கு முன்பே பெயர் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் எவரும் கேட்க மாட்டார்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இளைஞர் அமைப்புகளும் நிகழ்ச்சி நிரல் எழுதும்போது இந்த இரண்டரை மணி நேரத்தை ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒரு மணி நேரம்தான் முடியும் என்றால், பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் உருவாக்கிய முறையில் ஐந்து நிமிடக் காட்சி ஒன்றை நடித்துக் காட்டுங்கள். பார்க்கிற பிள்ளைகள் 'நிறுத்து' என்று சொல்லி எழுந்து வந்து, ஒடுக்கப்படுபவரின் இடத்தை எடுத்துக்கொண்டு, தான் என்ன செய்வேன் என்று செய்து காட்டுவார்கள். அதற்கு வில்லையும் வேண்டாம், படிவமும் வேண்டாம்.

வேட ஆட்டப் பயிற்சி நடத்துவோர் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.