மீனின் பெயரையும் சொல்லுங்கள்: டெல்டாவின் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சகோதரிகளுக்கு,

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். போன மாதம் மகளுக்கு வளைகாப்பு நடத்தி வீட்டுக்கு அழைத்து வந்தோம். பரிசோதனைக்கு நானும் கூடப் போகிறேன். எடை, ரத்த அழுத்தம், இரும்புச்சத்து மாத்திரை என்று ஒவ்வொன்றையும் நீங்கள் பொறுமையாகக் கேட்டு எழுதுகிறீர்கள். நம் பெண்களின் ரத்தசோகையோடு நீங்கள் மல்லுக்கட்டுவதைப் பல வருஷமாகப் பார்க்கிறேன். அந்த உரிமையில் கேட்கிறேன், கொழுப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசுங்கள்.

நம் உடம்பால் தானாகச் செய்துகொள்ள முடியாத, சாப்பாட்டில்தான் கிடைத்தாக வேண்டிய கொழுப்பு அமிலங்கள் இரண்டு உண்டு. ஒன்று ஒமேகா 6 வகை. நல்லெண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் தாராளம். மற்றது ஒமேகா 3. அது இந்த எண்ணெய்களில் பெயருக்குத்தான் இருக்கிறது. ரேஷன் பாமாயிலிலும் அப்படியே. பிள்ளையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டிஎச்ஏ என்ற கொழுப்பு அமிலம் இந்த ஒமேகா 3 குடும்பத்தைச் சேர்ந்தது. வயிற்றுப் பிள்ளை அதைத் தாயிடமிருந்து வேகமாக எடுத்துக்கொள்வது கடைசி மூன்று மாதத்தில். வளைகாப்பு முடிந்து நம் பெண்கள் தாய்வீட்டில் இருக்கிற அதே மாதங்கள்!

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் என்ற அமைப்பு 2018-ல் 70 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட அறிக்கையைப் படித்தேன். ஒமேகா 3 கூடுதலாகப் பெற்ற கர்ப்பிணிகளிடம் 34 வாரத்துக்கு முந்தைய பிரசவம் 4.6 சதவீதத்திலிருந்து 2.7 ஆகக் குறைந்திருக்கிறது. குறைமாதப் பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்த குடும்பத்துக்கு இந்த எண்ணின் அருமை தெரியும்.

இத்தனைக்கும் அந்த ஒமேகா 3 மீனாக நம் வாசலுக்கே வருகிறது. நாகையிலிருந்தும் கோடியக்கரையிலிருந்தும் ஐஸ் பெட்டி கட்டிய வண்டியில் வரும் மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி. வாரத்தில் இரண்டு மூன்று நாள் குழம்பு வைத்துக் கொடுத்தாலே போதும். ஆனால் சூடு, பிள்ளைக்குக் கரப்பான் வரும் என்று சொல்லி வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்கு அந்த மீனையே நிறுத்திவிடுகிறோம். முதல் பேறுகாலத்தில் நானும் என் மகளுக்கு அதைத்தான் செய்தேன். அப்புறம் குழந்தை பிறந்ததும் பால் ஊறட்டும் என்று சுறாப்புட்டு அவித்துக் கொடுத்தேன். சுறா மாதிரிப் பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், கர்ப்பிணியும் பாலூட்டுகிறவளும் தவிர்க்க வேண்டும் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. இன்றும் மனசு உறுத்துகிறது.

மீன் சாப்பிடாத வீடுகளும் இங்கே நிறைய. அவர்களுக்கு ஆளி விதையைப் பொடித்துச் சேர்க்கச் சொல்லலாம். ஆனால் அதிலுள்ள ஒமேகா 3-ஐ உடம்பு டிஎச்ஏவாக மாற்றுவது கொஞ்சம்தான். பாசியிலிருந்து எடுக்கும் டிஎச்ஏ மாத்திரை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

பொதுவாக "சத்தான ஆகாரம்" என்று சொன்னால் எங்களுக்குப் புரிவதில்லை. மத்தி, நெத்திலி என்று பெயர் சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விலை ஏறிவிடும். அப்போது என்ன செய்வது என்றும் சொல்லுங்கள். கூட வருகிற அம்மாவையும் மாமியாரையும் வெளியே உட்காரச் சொல்லாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அடுப்படி எங்கள் கையில்தான் இருக்கிறது.

அன்புடன்,
ஒரு தாய்