ஆமை வராமலும் போகலாம்

கடலாமைகள் முட்டையிடும் வெப்பமண்டலக் கடற்கரைகளில் விடுதி நடத்துகிறவர்களுக்கும், இரவில் ஆமை காட்ட ஆட்களை அழைத்துப் போகிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் விளம்பரங்களில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது: ‘நிச்சயம்’. இன்றிரவு ஆமை பார்ப்பது நிச்சயம். குஞ்சுகளை உங்கள் கையாலேயே கடலில் விடுவது நிச்சயம். அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். கேட்பது ஒரே ஒரு சொல்தான். ஆனால் அதை எடுத்தால் கூடவே வேறு சில பழக்கங்களும் போக வேண்டியிருக்கும். அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

நான் வெளியே நின்று குறை சொல்கிற ஆள் இல்லை. அந்தச் சொல்லை நம்பிப் பணம் கட்டி, உங்களைப் போன்ற ஒருவரின் விடுதியில் ஐந்து நாள் தங்கிவிட்டு வந்த விருந்தாளி. எந்த விடுதி, எந்தக் கரை என்று எழுதப் போவதில்லை. பெயரைச் சொன்னால் மற்றவர்கள் ‘அது நாம் இல்லை’ என்று மடலை மூடிவிடுவீர்கள்.

முதல் இரவு மூன்று மணி நேரம் நடந்தோம். அடம்பங்கொடி காலில் சிக்கியது, நண்டுகள் வளைக்குள் ஓடின, ஆமை வரவில்லை. விடுதிக்குத் திரும்பியதும் ஒருவர் வரவேற்பு மேசையில் விளம்பரத் தாளை விரித்து வைத்து, ‘எழுதியிருக்கிறீர்களே’ என்று கேட்டார். நான் எதுவும் பேசவில்லை. ஆனால் மனதுக்குள் அவர் பக்கம்தான் இருந்தேன்.

இரண்டாம் இரவு எங்கள் வழிகாட்டி வேறு ஆளாகவே மாறியிருந்தார். முதல் நாள் ‘மெதுவாக, மெதுவாக’ என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அன்று எங்களுக்கு முன்னால் ஓடினார். பத்தரை மணி இருக்கும். ஒரு பச்சை ஆமை அப்போதுதான் அலையை விட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு முன்துடுப்புகளையும் ஒன்றாக வீசி உடம்பை ஒரு முழம் இழுக்கும், பிறகு தலையை மண்ணில் வைத்துவிடும். நிற்கும்போது அது மூச்சு விடுவது கேட்டது, சைக்கிள் டியூபின் காற்றைத் திறந்துவிட்டது போல ஒரு நீளமான சத்தம். கடலுக்குள் கிட்டத்தட்ட எடையே இல்லாமல் இருந்த உடம்பு அது. கரையில் அந்த நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தையும் அதுவே இழுத்தாக வேண்டும்.

நாங்கள் இருபது பேருக்குக் குறையாமல் இருந்தோம். அரைவட்டமாக நின்றோம், பிறகு அரைவட்டம் முழு வட்டமாக ஆயிற்று. யாரோ ஒருவரின் செல்போனில் ஃபிளாஷ் அணைக்கப்படவில்லை. வெளிச்சம் அடித்ததும் ஆமை தலையைத் தூக்கியது, அப்படியே ஒரு நிமிடம் இருந்தது, பிறகு இடப்பக்கமாகத் திரும்பிக் கடலுக்குள் இறங்கிவிட்டது. மண்ணில் டிராக்டர் சக்கரம் போனது போல ஒரு தடம், மேலே வந்து வளைந்து திரும்பிய தடம், மட்டும் இருந்தது. குழி இல்லை, முட்டையும் இல்லை.

‘பார்த்துவிட்டீர்கள் இல்லையா?’ என்றார் வழிகாட்டி. பார்த்துவிட்டோம் என்றோம். என் போனிலும் மங்கலாக ஒரு படம் இருந்தது. உங்கள் கணக்கில் அந்த இரவு வெற்றி. விளம்பரத்தில் சொன்னது நடந்துவிட்டது, யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்த ஆமை எதற்காகக் கரையேறியதோ அது மட்டும் நடக்கவில்லை.

அப்படித் திரும்பிப் போகும் ஆமை அன்றிரவோ அடுத்த இரவோ மறுபடி முயன்று பார்க்கும் என்பது உண்மைதான். உங்களில் சிலர் இதைச் சொல்லித்தான் சமாதானம் செய்வீர்கள். ஆனால் அதன் வயிற்றில் இருப்பது நூற்றுச்சொச்சம் முட்டைகள். ஒவ்வொரு முறையும் அந்த உடம்பைக் கரைமேல் இழுப்பது சும்மா ஆகிற காரியம் இல்லை. பச்சை ஆமை வருடா வருடம் வருவதும் இல்லை. பொதுவாக இரண்டு முதல் நான்கு வருடத்துக்கு ஒரு முறைதான் முட்டையிட வரும். வந்த பருவத்தில் ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒன்றாகச் சில தடவை முட்டையிட்டுவிட்டு, மறுபடி மேய்ச்சல் இடத்துக்குப் போய்விடும். இருபது வருடத்துக்கு மேல் வளர்ந்த பிறகுதான் முதல் முட்டையே.

எப்போது பக்கத்தில் போகலாம் என்பது உங்கள் வழிகாட்டிகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கரையேறும்போதும், இடம் தேடும்போதும், குழி தோண்டும்போதும் ஆமை சின்ன அசைவுக்கும் மிரளும். பின்துடுப்புகளைக் கரண்டி போல மடித்து, மாறி மாறி மண்ணை அள்ளிக் குழியை முடித்து, முதல் முட்டை விழத் தொடங்கிய பிறகுதான் அது ஒருவித மயக்கத்துக்குப் போகும். அந்த நேரத்தில் பின்பக்கமாக, குனிந்து, சத்தமில்லாமல் நின்று பார்த்தால் பெரிய தொந்தரவு இல்லை. எங்கள் வழிகாட்டிக்கு இது தெரியாதா என்ன? முந்தின இரவு மேசையில் விரித்து வைத்த அந்தத் தாள்தான் அவரை ஓட வைத்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேறு விதமாக நடத்த முடியும் என்பதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. கோஸ்டாரிகாவின் டோர்டுகெரோவில் 1950களில் ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க விலங்கியல் அறிஞர் பச்சை ஆமைகளை ஆராயத் தொடங்கினார். 1975இல் அது தேசியப் பூங்கா ஆனது. ஆமைப் பருவத்தில் இரவானால் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் அங்கே மணலில் கால் வைக்க முடியாது. கேமரா கூடாது. விருந்தாளிகள் கரையில் அலைவதே இல்லை. மரங்களுக்குப் பின்னால் காத்திருக்கிறார்கள். கரையில் நடப்பவர் ஆமை தேடுவதற்கென்றே இருக்கும் உள்ளூர் ஆள். முட்டையிடத் தொடங்கிவிட்டது என்று அவர் தகவல் கொடுத்த பிறகுதான் ஒரு சின்னக் குழு உள்ளே போகும். ஆஸ்திரேலியாவின் மோன் ரெப்போவில் பெருந்தலை ஆமைகளைப் பார்க்க வருகிறவர்களும் மண்டபத்தில் உட்கார்ந்து, தங்கள் குழுவை அழைக்கும்வரை காத்திருப்பார்கள். சில இரவுகளில் அழைப்பு நள்ளிரவுக்குப் பிறகும் வரலாம், வராமலும் போகலாம். அப்படியும் ஆட்கள் அங்கே போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எதிர் உதாரணமும் அதே கோஸ்டாரிகாவில்தான். ஓஸ்டியோனல் கரையில் ஒலிவ் ரிட்லி ஆமைகள் ஆயிரக்கணக்கில் ஒரே சமயத்தில் ஏறும். ‘அரிபாடா’ என்பார்கள், ஸ்பானிஷ் மொழியில் வருகை என்று பொருள். 2015 செப்டம்பரில் ஆமைகளோடு சேர்ந்து சுற்றுலாக்காரர்களும் நூற்றுக்கணக்கில் இறங்கிவிட்டார்கள். காவலுக்கு இருந்தவர்கள் கொஞ்சம் பேர். குழந்தைகளை ஆமை முதுகில் உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள் என்று அப்போது செய்தி வந்தது. பல ஆமைகள் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பின. அந்தப் படங்களைப் பார்த்தபோது ‘என்ன மனிதர்கள்’ என்று தலையில் அடித்துக்கொண்டேன். அன்றிரவு எங்கள் வட்டமும் அதேதான், ஆள் கணக்கு மட்டும் குறைவு.

சரி, குஞ்சுகளுக்கு வருகிறேன். என்னை அதிகம் உறுத்தியது அதுதான்.

மூன்றாம் நாள் மதியம், சமையலறைக்குப் பின்னால் ஒரு நீல பிளாஸ்டிக் பேசினைப் பார்த்தேன். நாலு விரல் தண்ணீர். உள்ளே முப்பது நாற்பது குஞ்சுகள், ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. எல்லாம் விளிம்பை முட்டி முட்டித் துடுப்பை அடித்துக்கொண்டே இருந்தன. எப்போது பொரித்தவை என்று கேட்டேன். ‘நேற்று விடியற்காலை’ என்றார் அங்கே நின்ற பையன், ‘சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் விடுவோம், அப்போதுதான் எல்லாரும் வருவார்கள்.’

மண்ணுக்குள் கிட்டத்தட்ட ஐம்பது அறுபது நாள் இருந்து, முட்டையை உடைத்து, கூட்டாக மண்ணைச் சரித்துச் சரித்து மேலே வந்து, மண் குளிர்ந்த பிறகு வெளியேறுகிற உயிர் அது. வெளியேறிய கையோடு கடலில் இறங்கி ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க நிற்காமல் நீந்த வேண்டும். கரையோரத்து மீன்களும் பறவைகளும் எட்டாத இடத்துக்குப் போய்ச் சேர அதற்கு இருக்கிற வழி அது ஒன்றுதான். அந்த ஓட்டத்துக்கான தீனி, வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருதான். அந்தப் பேசினில் குஞ்சுகள் நேற்றிலிருந்து நீந்திக்கொண்டிருந்தன, விளிம்பைத் தவிர வேறெங்கும் போகாமல். மாலையில் ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்தீர்கள், கைதட்டினோம். எனக்குக் கிடைத்த குஞ்சு துடுப்பை அடிக்கவே இல்லை. ‘தூங்குகிறது’ என்றார் பக்கத்தில் நின்ற குழந்தையின் அப்பா. தினமும் அதே இடத்தில் அதே நேரத்துக்கு விட்டால், மீனும் பறவையும் அங்கே வந்து காத்திருக்கப் பழகிவிடும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

பொரிப்பகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அலை அரிக்கிற கரையிலும், முட்டை திருடு போகிற கரையிலும் அது தேவைதான். முட்டை இட்ட சில மணி நேரத்துக்குள், திருப்பாமல் குலுக்காமல் எடுத்து, அதே ஆழத்தில் புதைக்கிற கை பொறுமையான கை. நேரம் தவறினால், ஓட்டின் உள்பக்கம் ஒட்டிக்கொண்ட கரு ஒரு புரட்டலிலேயே செத்துப்போகும். இவ்வளவு பக்குவமாகக் காத்துப் பொரிக்க வைத்துவிட்டுக் கடைசி நாளில் பேசினில் போட்டு வைப்பதைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. குஞ்சு வெளிவந்தவுடனே, இருட்டிலேயே, தானாக மணலில் நடந்து போகட்டும். அந்த நேரத்தில் விழித்திருக்கிற விருந்தாளி பார்க்கட்டும். விழிக்காதவர் காலையில் அந்தச் சின்னத் தடங்களைப் பார்க்கட்டும்.

விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். குஞ்சு கடலைக் கண்டுபிடிப்பது கண்ணால்தான். தாழ்வாக, வெளிச்சமாக இருக்கிற பக்கம் கடல். உயரமாக, கறுப்பாக இருக்கிற பக்கம் கரை. இந்தக் கணக்கு கோடிக்கணக்கான வருடம் சரியாக வந்தது. உங்கள் விடுதியில் அறையிலிருந்து கடல் தெரிய வேண்டும் என்று முன்னாலிருந்த மரங்களை வெட்டிவிட்டு, நீச்சல் குளத்தைச் சுற்றி வெள்ளை எல்.இ.டி. போட்டிருந்தீர்கள். கறுப்பாக இருக்க வேண்டிய பக்கம் வெளிச்சமாகிவிட்டது. நாலாம் நாள் காலையில் குளத்துப் படிக்கட்டருகே ஏழு குஞ்சுகள் காய்ந்து கிடந்தன. துப்புரவு செய்கிறவர் முறத்தில் அள்ளிக்கொண்டு போனார், இது அவருக்குப் புதிதாகத் தெரியவில்லை.

மரத்தை வெட்டியதில் நிழலும் போயிற்று. கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மண்ணின் சூடுதான் முடிவு செய்கிறது. ஏறத்தாழ 29 டிகிரி செல்சியஸை ஒட்டி இரண்டும் பிறக்கும், சூடு ஏற ஏறப் பெண்ணாகவே பிறக்கும். ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டான கிரேட் பேரியர் ரீஃபின் வட பகுதியிலிருந்து வந்த இளம் பச்சை ஆமைகளில் 99 சதவீதத்துக்கு மேல் பெண் என்று 2018இல் ஓர் ஆய்வு வந்தது. உலகம் சூடாவதை ஒரு விடுதியால் நிறுத்த முடியாது, ஆனால் பத்து மரத்தை நட முடியும். விளக்கும் அப்படித்தான். கடல் பக்கம் தெரியாதபடி மறைத்து, தாழ்வாக, 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளமுள்ள ஆரஞ்சு அல்லது சிவப்பு விளக்காக மாற்றுவதற்குப் பெரிய செலவில்லை. அறைகளுக்குத் திரைச்சீலை ஏற்கெனவே இருக்கிறது. பருவத்தில் இரவானால் இழுத்து மூடச் சொல்லி ஒரு சீட்டு வைத்தால் போதும். சாய்வு நாற்காலிகளையும் சாயங்காலம் உள்ளே எடுத்துவிடுங்கள், குழந்தைகள் தோண்டிய குழியை மூடிவிடுங்கள். ஒரு சாண் குழி போதும், குஞ்சு ஏற முடியாமல் அங்கேயே விடிந்துவிடும்.

(ஒரு சின்ன விஷயம். முட்டையிடும்போது வலியில் ஆமை அழுகிறது என்று உங்கள் வழிகாட்டிகள் சொல்கிறார்கள். கண்ணோரத்துச் சுரப்பி வழியாக உடம்பின் உப்பை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். கடலுக்குள்ளும் அந்தக் கண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். உண்மையைச் சொன்னாலும் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.)

‘நிச்சயம்’ போய்விட்டால் ஆள் வரமாட்டார்கள் என்பது உங்கள் பயம். கடைசி இரவு நான் நடைக்குப் போகவில்லை. உங்கள் விளக்குகள் எட்டாத தூரத்தில், ஒரு மரத்தடியில், டார்ச்சும் போனும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். முதல் கால் மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கண் பழகியது. அலை உடையும் இடத்தில் நீலமாகப் பொறி பறப்பது தெரிந்தது. எங்கோ இடப்பக்கம் மணலை வாரி வீசுகிற சத்தம், சரக், சரக், நடுவே அந்த நீளமான மூச்சு. எழுந்து போகவில்லை. எவ்வளவு நேரம் ஆயிற்று என்றும் தெரியவில்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். மேலே வந்த தடம் ஒன்று, இறங்கிய தடம் ஒன்று, நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்குக் கலைந்து கிடந்த மண். பெரிய அலை வந்தாலும் எட்டாத இடம்.

அந்த ஐந்து நாளில் நான் காசு கொடுத்துப் பார்த்தவற்றில் அதற்கு ஈடானது எதுவும் இல்லை. ஆமையை நான் பார்க்கவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அடுத்த பருவத்துக்கு மறுபடி வர நினைக்கிறேன். முன்பதிவுப் படிவத்தில் ‘ஆமை வராமலும் போகலாம்’ என்று ஒரு வரி இருக்கிற விடுதியாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்களில் யாராவது அப்படி அச்சடித்தால் தெரியப்படுத்துங்கள், முன்பணம் அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
இரண்டாம் இரவு அந்த வட்டத்தில் நின்ற ஒரு விருந்தாளி