கடைசி பெஞ்சும் கடவுளின் சாயலும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நீயே உன் கையால் எழுதியிருப்பதைப் பார்த்ததும் மனம் நிறைந்தது. வரிகள் சற்றுச் சாய்ந்திருக்கின்றன. ஆனால் எழுத்தைப் பார்த்தே உன்னுடையது என்று சொல்லிவிடலாம். இங்கே நாங்கள் நலம். மனைவியின் முழங்கால் வலி மட்டும் குளிர் நாட்களில் கொஞ்சம் படுத்துகிறது. மகனுக்கு வேலை மாற்றம் வந்துவிட்டது, வீடு வெறிச்சென்று இருக்கிறது.

பதில் தாமதமானதற்குக் காரணம் நீ கேட்ட கேள்விதான். பேத்தியைப் பள்ளியில் சேர்க்கும் பேச்சு வந்தபோது உன் மகள் ஒரு கிறிஸ்தவப் பள்ளியைச் சொன்னதாகவும், உனக்கு மனம் ஒப்பவில்லை என்றும் எழுதியிருந்தாய். "காலையில் ஜெபம், சுவரில் வசனம், டிசம்பரில் நாடகம். இவற்றைத் தாண்டி அங்கே வேறு என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். அதே வாரத்தில், நான் வேலை பார்க்கும் கிறிஸ்தவப் பள்ளியின் நிர்வாகக் குழு என்னை அழைத்து, பள்ளியின் கல்விக் கொள்கையையும் நோக்கங்களையும் புதிதாக எழுதித் தரச் சொன்னது. பழைய அறிக்கையைத் தேடி எடுத்துப் படித்தேன். ஒழுக்கமும் திறமையும் மிக்க குடிமக்களை உருவாக்குவது என்று இருந்தது. எந்தப் பள்ளியின் வாசலிலும் அதை மாட்டிவைக்கலாம். உன் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

இத்தனை ஆண்டுகள் ஆசிரியராக இருந்தும், இந்தக் கேள்வியை உட்கார்ந்து யோசித்தது இப்போதுதான். யோசித்ததை உனக்கு எழுதிப் பார்க்கிறேன். உன்னிடம் சொல்ல முடிந்தால் குழுவிடமும் சொல்லிவிடலாம்.

வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலிருந்து தொடங்குகிறேன். தேவன் மனிதனைத் தம்முடைய சாயலாகப் படைத்தார் என்று அங்கே இருக்கிறது. முதல் மதிப்பெண் வாங்கியவனுக்கு அதிகமாகவும் மற்றவனுக்குக் குறைவாகவும் அந்தச் சாயல் பங்கிடப்பட்டதாக எழுதியிருக்கவில்லை. ஒரு பள்ளி இதை உண்மையாகவே நம்பினால், அந்த நம்பிக்கை ஆராதனைக் கூடத்தோடு நின்றுவிடாமல் வகுப்பறையின் இருக்கை வரிசைக்கு வரவேண்டும், விடைத்தாள் கொடுக்கும் விதத்துக்கு வரவேண்டும். தேர்ச்சி விகிதம் குறைந்துவிடும் என்று பயந்து, படிப்பில் பின்தங்கிய பிள்ளையின் பெற்றோரை அழைத்து "வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு, காணாமல்போன ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனைப் பற்றிக் காலையில் பாடிவிட்டு, பிற்பகலில் அந்த ஒன்றைக் கணக்கிலிருந்து நீக்குகிற பள்ளியைக் கிறிஸ்தவப் பள்ளி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. கொமேனியஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பாய். 1592இல், இன்றைய செக் நாட்டிலுள்ள மொராவியாவில் பிறந்து, சகோதரர் சபை என்ற கிறிஸ்தவச் சபையின் பிஷப்பாக இருந்தவர். போரும் கொள்ளைநோயும் அவருடைய குடும்பத்தைப் பறித்தன. சொந்த மண்ணை விட்டு ஓடினார். 1656இல், அவர் அடைக்கலம் புகுந்திருந்த போலந்தின் லெஷ்னோ நகரம் எரிந்தபோது பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளும் எரிந்துபோயின. அப்போது அவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. இரண்டே ஆண்டுகளில், 1658இல், பிள்ளைகளுக்கான படப் பாடநூலை அச்சில் கொண்டுவந்தார். படத்தைப் பார்த்துச் சொல்லைக் கற்கும் முறையை ஐரோப்பா முழுவதும் பரப்பிய நூல் அது. பணக்காரர், ஏழை, ஆண், பெண், கூரிய புத்தியுள்ளவர், மந்தமானவர் என்ற பேதமில்லாமல் எல்லாருக்கும் எல்லாம் கற்பிக்க வேண்டும் என்று அவர் சொன்னதற்கு அடிப்படை இந்தச் சாயல்தான். கடவுள் தம் சாயலைக் கொடுத்த ஒருவனுக்குப் படிப்பை மறுக்க நமக்கு என்ன உரிமை என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். பிரான்சில் லா சால் என்ற குருவானவர் இன்னும் ஒரு படி போனார். கந்தல் உடுத்திய பிள்ளையிடம் இயேசுவையே காணும்படி தம் ஆசிரியர்களுக்கு எழுதினார். லத்தீனில்தான் வாசிக்கத் தொடங்க வேண்டும் என்று இருந்த காலத்தில், ஏழைப் பிள்ளைகளுக்கு முதலில் அவர்களுடைய தாய்மொழியில் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார்.

இனி நான் வெட்கப்படுகிற ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். இதை உன்னிடம் முன்பு சொன்னதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன், எட்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வு. தேர்வுக்காக இருக்கைகளை மாற்றி அமைத்திருந்தோம். திருத்தும்போது இரண்டு விடைத்தாள்களில் ஒரே கணக்கில், ஒரே இடத்தில், ஒரே தவறான விடை. ஒரு தாள் வகுப்பில் முதலாவதாக வருகிறவனுடையது. மற்றது கடைசி பெஞ்சில் உட்காரும், யாரோடும் அதிகம் பேசாத ஒரு பையனுடையது. எனக்கு ஒரு நொடிகூட சந்தேகம் வரவில்லை. மறுநாள் அவனை எழுப்பி நிறுத்தி, வகுப்பு முழுவதும் கேட்கும்படி கண்டித்து, தாளில் பூஜ்யம் போட்டுக் கொடுத்தேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பெஞ்சின் ஓரத்தில் பெயர்ந்திருந்த மரச் சிம்பை நகத்தால் கிள்ளிக்கொண்டே நின்றான்.

அன்று மாலை மதிப்பெண்களைப் பதிவேட்டில் ஏற்றும்போது இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்க்க நேர்ந்தது. அந்தப் பையன் ஏழு எழுதினால் ஒன்று போலவே இருக்கும், மேல்கோடு இருக்கிறதோ இல்லையோ என்று தேட வேண்டும். அந்தக் கணக்கின் நடுவே அவன் தாளில் 7 × 6 = 42 என்ற வரி. முதல் மாணவனின் தாளில் அதே வரி, மணிமணியான எழுத்தில், 1 × 6 = 42 என்று இருந்தது. யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை.

இரவு தூக்கம் வரவில்லை. தவறாகக் கணித்தது ஒரு பக்கம் இருக்கட்டும், ஏன் அப்படிக் கணித்தேன் என்பதுதான் என்னைக் குடைந்தது. கடைசி பெஞ்சில் இருப்பவன்தான் திருடுவான், முதல் பெஞ்சில் இருப்பவனிடம்தான் திருட ஏதாவது இருக்கும் என்று என் மனம் எப்போதோ முடிவு செய்து வைத்திருக்கிறது. தேவசாயலைப் பற்றி வேதபாட வகுப்பில் அழகாகப் பேசுகிறவன் நான்.

மறுநாள் காலை வருகைப் பதிவு எடுக்கும் முன்பே வகுப்பின் நடுவில் நின்று, நடந்ததைச் சொன்னேன். அவன் பெயரைச் சொல்லி, "நான் உன்மேல் வீண்பழி சுமத்தினேன். என்னை மன்னித்துவிடு" என்றேன். மற்றவன் பெயரை நான் எடுக்கவில்லை. அவனிடம் தனியாகப் பேசினேன், அது வேறு கதை. இவன் தலை நிமிராமல் "பரவாயில்லை சார்" என்றான். இரண்டு நாள் கழித்து, ஆசிரியர் அறை வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றான். ஒரு கணக்கில் சந்தேகமாம். என் வகுப்புக்கு வரத் தொடங்கிய நாளிலிருந்து அவன் கேட்ட முதல் சந்தேகம் அது.

கிறிஸ்தவக் கல்வியின் இன்னொரு பாதி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மனிதன் தேவசாயல் உள்ளவன், அதே மனிதன் விழுந்துபோனவனும்கூட. மாணவனும் அப்படித்தான், ஆசிரியரும் அப்படித்தான். மனந்திரும்புதல், மன்னிப்பு என்ற சொற்களை ஆண்டு முழுவதும் மனப்பாடம் செய்யவைக்கலாம். பெரியவர் ஒருவர் தம் தவறை ஒப்புக்கொள்வதைப் பிள்ளை கண்ணால் பார்க்காவிட்டால், அவை கேள்வித்தாளுக்கான சொற்களாகவே நின்றுவிடும்.

நீயும் நானும் படித்த பள்ளியை நினைத்துப் பார்க்கிறேன். "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து" என்ற வசனத்தைச் சொல்லிக்கொண்டே பிரம்பை ஓங்கியவர்களை நீ மறந்திருக்க மாட்டாய். உன் மனம் ஒப்பாததற்குப் பாதிக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். அதில் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வசனத்தில் 'நடத்து' என்றுதான் இருக்கிறது. நடத்துகிறவன் கூடவே நடக்க வேண்டும். இத்தாலியின் டூரின் நகரத்தில் தெருவில் அலைந்த பையன்களைச் சேர்த்து வளர்த்த குருவானவர் டான் போஸ்கோ, அடியையும் கடுமையான தண்டனையையும் விலக்கி, நியாயம், சமயம், அன்பு என்ற மூன்றின்மேல் தம் முறையைக் கட்டினார். 1884இல் ரோமிலிருந்து தம் சபையாருக்கு எழுதிய கடிதத்தில், பையன்களை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுகிறோம் என்பது அவர்களுக்கே தெரிய வேண்டும் என்றார். நம்மை அடித்தவர்களில் சிலரும் நம்மை நேசித்திருக்கலாம். நமக்கு அது தெரியவே இல்லையே.

அறிவியலை ஒழுங்காகச் சொல்லித்தருவார்களா என்று உன் மருமகன் கேட்டதாக எழுதியிருந்தாய். நியாயமான கேள்வி. கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் என்ற இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் பழைய கட்டடக் கதவில் 111ஆம் சங்கீதத்தின் ஒரு வசனத்தை லத்தீனில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கர்த்தரின் செய்கைகள் பெரியவை, அவற்றில் பிரியமுள்ள எல்லாரும் அவற்றை ஆராய்கிறார்கள் என்பது அதன் பொருள். 1874இல் திறந்த அந்தக் கூடத்தின் முதல் பேராசிரியர் இயற்பியலாளர் மேக்ஸ்வெல். பின்னாளில் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்ததும் அங்கேதான். படைப்பு கடவுளுடையது என்று நம்புகிறவன் அதை ஆராயப் பயப்பட வேண்டியதில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து சங்கடமான கேள்வி கேட்டால், "அதெல்லாம் கேட்கக் கூடாது" என்று உட்காரவைக்கிற ஆசிரியருக்குத் தம் விசுவாசத்தின்மேலேயே விசுவாசம் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

மற்றச் சமயத்துப் பிள்ளைகள் விஷயத்திலும் என் கருத்தில் ஒளிவுமறைவு இல்லை. நாங்கள் யாரை நம்புகிறோம் என்பதை மறைக்கக் கூடாது. வேதம் வாசிக்கிறோம், ஜெபிக்கிறோம், அதைச் சேர்க்கும்போதே பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும். ஆனால் விசுவாசத்தை மதிப்பெண்ணாலோ சலுகையாலோ வாங்கக் கூடாது. இயேசு யாரையும் கையைப் பிடித்து இழுத்துப் பின்தொடர வைக்கவில்லை. சொத்தை விட்டுவர மனமில்லாமல் பணக்கார வாலிபன் துக்கத்தோடு திரும்பிப் போனபோதும் போகவிட்டார்.

பெற்றோரைப் பற்றியும் அறிக்கையில் ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். பிள்ளைக்கு முதல் ஆசிரியர்கள் அவர்கள்தான். வீட்டில் உட்காரும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்போதும் பிள்ளைகளோடு பேசும்படி வேதாகமத்தின் உபாகமம் என்ற நூல் பெற்றோருக்குத்தான் சொல்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையும் 1965இல், தன் ஆயர்களின் பெருங்கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கல்வி அறிக்கையில் இதையே வலியுறுத்தியது. பள்ளி அவர்களுக்குத் துணை, அவ்வளவே.

எனக்கு இன்னும் பிடிபடாதது கடைசிப் பகுதி. எதற்காகப் படிக்கவைக்கிறோம்? எங்கள் முன்கூடத்தில் பழைய மாணவர்களின் படங்கள் வரிசையாக இருக்கின்றன. பெரிய பதவி, பெரிய பட்டம், வெளிநாடு. அவர்களுடைய உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கைப் புண்களுக்கு மருந்திட்டுக்கொண்டிருக்கும் எங்கள் பழைய மாணவி ஒருத்தியின் படம் அங்கே இல்லை. சீஷர்களின் கால்களைக் கழுவியவரின் பெயரைத் தாங்கிய பள்ளியில் அவள் படம் இல்லாமல் போனது எப்படி? பிள்ளைகள் அறிக்கையைப் படிக்கப் போவதில்லை, அந்தச் சுவரைத்தான் தினமும் பார்க்கிறார்கள். குழுவில் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று முடித்துவிட்டார்கள். நான் விடப்போவதில்லை.

பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பள்ளியை நேரில் போய்ப் பார். முதல்வர் அறையில் அதிக நேரம் உட்காராதே. இடைவேளையில் மைதானத்தில் நில். ஆசிரியர் கடந்து போகும்போது பிள்ளைகள் ஒதுங்கிப் பதுங்குகிறார்களா, ஓடிவந்து எதையாவது சொல்கிறார்களா என்று கவனி. படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேள். வசனம் சொல்லிப் பதில் தந்தால் போதாது. எந்த ஆசிரியர், எந்த நேரத்தில், எத்தனை பிள்ளைகளோடு உட்காருகிறார் என்று சொல்லத் தெரிகிறதா என்று பார். துப்புரவுப் பணியாளரைப் பிள்ளைகள் எப்படி அழைக்கிறார்கள் என்பதும் காதில் விழட்டும். இவையெல்லாம் சரியாக இருந்தால் சேர்த்துவிடு. இல்லையென்றால், வாசலில் எவ்வளவு பெரிய சிலுவை இருந்தாலும் வேறு பள்ளி பார்.

அறிக்கையின் வரைவை இதோடு வைத்திருக்கிறேன், நான்கு பக்கம். உனக்குப் பொய்யாகப் படுகிற வரியைச் சிவப்பு மையால் அடித்து அனுப்பு. அடுத்த மாதம் இரண்டாவது வாரத்தில் குழு கூடுகிறது, அதற்கு முன் கிடைத்தால் நல்லது. கண்ணுக்கு மருந்து விட மறக்காதே. ஒரே மூச்சில் படிக்காமல், ஒவ்வொரு பக்கமாக ஓய்வெடுத்துப் படி.

என்றும் உன் அன்பு நண்பன்