பரலோகக் கதைகளும் பிள்ளைகளும்

ஆசிரியருக்கு,

சிறுவர்களுக்கான ஆன்மிக நூல்கள் குறித்துக் கிறிஸ்தவப் பெற்றோர் கவலைப்படுவதாக வெளியான செய்தியைப் படித்தேன். மந்திரவாதிக் கதைகள் மீதுதான் எல்லோருக்கும் கண். கிறிஸ்தவப் புத்தகக் கடையில் வாங்கியது என்றால் புரட்டிக்கூடப் பார்க்காமல் பிள்ளை கையில் கொடுத்துவிடுகிறோம். விபத்தில் சிக்கிய சிறுவன் பரலோகம் போய் வந்ததாக 2010-ல் அமெரிக்காவில் வெளிவந்த நூல் சக்கைபோடு போட்டது. தான் சாகவும் இல்லை, பரலோகம் போகவும் இல்லை என்று அந்தப் பையனே சொன்ன பிறகுதான், 2015-ல் டிண்டேல் பதிப்பகம் அதைத் திரும்பப் பெற்றது.

நான் பாடம் எடுக்கும் ஞாயிறு பள்ளியில், இதே மாதிரிப் புத்தகம் படித்த நான்காம் வகுப்புச் சிறுமி, “செத்துட்டுத் திரும்பி வரலாமா டீச்சர்?” என்று சாதாரணமாகக் கேட்டாள். சபை நூலகத்துக்கு வரும், இப்படித் தம் ஆன்மிக அனுபவத்தைச் சொல்லும் சாட்சி நூல்களைப் பெரியவர்கள் முதலில் படித்து, எந்த வயதுக்கு உரியது என்று அட்டையில் சீட்டு ஒட்டிய பிறகே அலமாரியில் வைக்கலாம்.

- ஒரு வாசகி, நாசரேத்