நாலு ஓவருக்குள் லெக் ஸ்பின்னர் உருவாக மாட்டான்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் 15 வயதுக்குட்பட்ட அணியில் விளையாடும் ஒரு பெடியனின் படத்தைப் போட்டு, மேலே 'அடுத்த வியாஸ்காந்த்' என்று பெரிய எழுத்தில் தலைப்பிட்டிருந்தீர்கள். கழுத்தில் மாலை, பக்கத்தில் அதிபர், கையில் பந்து. செய்தியில் அந்தப் பிள்ளை ஐந்து விக்கெட் எடுத்தான் என்று இருந்தது. எத்தனை ஓவர் போட்டான், எத்தனை ஓட்டம் கொடுத்தான் என்று தேடிப் பார்த்தேன், இல்லை. யார் யார் ஆட்டமிழந்தார்கள், எப்படி ஆட்டமிழந்தார்கள், அதுவும் இல்லை.

அந்தப் பிள்ளையைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. அவன் பந்து போட்டு நான் பார்த்ததுமில்லை. எனக்கு இடித்தது அந்தத் தலைப்புத்தான். அடுத்த வியாஸ்காந்த் வந்துவிட்டார் என்கிறீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இலங்கை அணி வரை போன அந்த முதல் வியாஸ்காந்த் இன்னும் முழுதாக வந்து சேரவில்லையே! கொஞ்சக் காலத்துக்கு முதல் அவரையே 'அடுத்த முரளி' என்று சொல்லித் திரிந்தவர்கள் நாங்கள். முரளி ஓஃப் ஸ்பின்னர், வலக்கைத் துடுப்பாட்ட வீரனுக்குப் பந்தை உள்ளே திருப்புகிறவர். இவர் லெக் ஸ்பின்னர், வெளியே திருப்புகிறவர். இரண்டு பேரும் தமிழர், இரண்டு பேரும் பந்தைச் சுழற்றுவார்கள் என்பதற்கு மேல் அந்த ஒப்பீட்டில் எதுவும் இல்லை.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். பாடசாலைப் போட்டிகளுக்கு நீண்ட காலம் நடுவராக நின்றவன். ஒரு லெக் ஸ்பின்னரைப் பார்ப்பதற்கு மைதானத்தில் அதைவிட நல்ல இடம் கிடையாது. பந்து கையை விட்டுப் போகும்போது மோதிரவிரல் தையலை இழுத்து விடுவது தெரியும். நன்றாகப் போடுகிறவன் என்றால் விரல் சொடுக்குகிற சத்தமே காதில் விழும். கூக்ளி, அதாவது வெளியே திரும்புவது போலக் காட்டி உள்ளே திரும்பும் பந்து, போடப் போகிறான் என்றால் சின்னப் பிள்ளைகளுக்குத் தோள் கொஞ்சம் இறங்கிவிடும், துடுப்பாட்ட வீரனுக்கு முதல் நடுவருக்குத் தெரிந்துவிடும். அந்த உரிமையில்தான் சில விடயங்களைச் சொல்கிறேன்.

வியாஸ்காந்த் யாழ். மத்திய கல்லூரியில் வளர்ந்த பிள்ளை. 2020 டிசெம்பர் 4ஆம் திகதி, கொரோனாக் காலம், அம்பாந்தோட்டையில் பார்வையாளர் ஒருவருமில்லாத மைதானம். லங்கா பிரீமியர் லீக்கில் ஜப்னா ஸ்டாலியன்ஸ் அணிக்காக முதன்முதலாக இறங்கினார். விடிந்தால் அவருக்கு 19ஆவது பிறந்தநாள். முதல் விக்கெட் வேறு யாருமில்லை, அஞ்சலோ மத்தியூஸ். யாழ்ப்பாணத்தின் பெயரைச் சுமந்த அணியில் யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருவன் விளையாடினான் என்பதற்காகவே அன்றிரவு எங்கள் ஒழுங்கையில் வெடி கொளுத்தினார்கள். அதில் பிழையில்லை, நானும் மகிழ்ந்தேன்.

2023 ஒக்டோபரில் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக இலங்கைக்காக முதல் ரி20. 2024இல் இலங்கை லெக் ஸ்பின்னர் வனிந்து ஹசரங்க காயத்தால் வர முடியாமல் போக, அவரது இடத்துக்கு ஹைதராபாத் அணி வியாஸ்காந்தை எடுத்தது. மே 8ஆம் திகதி லக்னோ அணிக்கு எதிராக நாலு ஓவர், 27 ஓட்டங்கள், விக்கெட் இல்லை. ஐ.பி.எல். முதல் போட்டிக்கு இது அருமையான பந்துவீச்சு. ஆனால் அன்றிரவு ஹைதராபாத்தின் தொடக்க வீரர்கள் ஹெட்டும் அபிஷேக்கும் சேர்ந்து 166 ஓட்ட இலக்கை 9.4 ஓவரில் அடித்து முடித்தபிறகு பந்துவீச்சாளரை யார் நினைத்தார்கள்? அடுத்த மாதம் ரி20 உலகக் கிண்ணத்துக்கு மேலதிக வீரராகப் போனார். கூடப் போனார், கூட வந்தார், அவ்வளவுதான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மேலே நான் எழுதியது முழுக்க நாலு ஓவர் கிரிக்கெட். ஒரு போட்டிக்கு 24 பந்துகள். அந்த 24 பந்துகளுக்குள் அவரிடம் கேட்கப்படுவது அடி வாங்காமல் இரு என்பதுதான். அதற்கு வேகமாகவும் நேராகவும் போட வேண்டும், பந்தை மேலே மிதக்க விடக்கூடாது. தொலைக்காட்சியில் பார்த்த வரையில் வியாஸ்காந்த் அதை நன்றாகவே பழகிவிட்டார். என் கவலையே அங்கேதான் தொடங்குகிறது. லெக் பிரேக் என்ற, லெக் ஸ்பின்னரின் வழக்கமான பந்தின் உயிர் மிதப்பில் இருக்கிறது. கண்ணுக்கு மேலே எழும்பி, அடிக்கலாம் என்று ஆசை காட்டி, நினைத்த இடத்துக்கு ஓரடி முன்னால் விழுந்து வெளியே திரும்ப வேண்டும். அப்படிப் போடுகிறவன் அடி வாங்கித்தான் ஆக வேண்டும். ஆறு அடித்தவனுக்கு அதே பந்தை இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போட்டு எடுக்கிற துணிவு அவன் போடுகிற இருபதாவது ஓவரில் வரும், மூன்றாவது ஓவரில் வராது.

அவுஸ்திரேலிய லெக் ஸ்பின்னர் ஷேன் வோர்னின் கதையை நாங்கள் 1993இல் இங்கிலாந்தின் மைக் கட்டிங்குக்குப் போட்ட பந்திலிருந்து தொடங்குகிறோம். அதற்கு ஒரு வருடம் முந்தி, 1992 ஓகஸ்டில், எங்கள் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் நடந்ததுதான் அவரது உண்மையான தொடக்கம். சிட்னியில் இந்தியாவுக்கு எதிரான முதல் டெஸ்டில் 150 ஓட்டத்துக்கு ஒரு விக்கெட் எடுத்தவர். எஸ்.எஸ்.சி.யில் முதல் இன்னிங்ஸில் 107 ஓட்டம் கொடுத்து ஒன்றுமில்லை. அதுவரை மொத்தம் 335 ஓட்டங்களுக்கு ஒரே ஒரு விக்கெட். எங்கள் பாடசாலை அணி என்றால் அந்தப் பெடியனை 12ஆவது ஆளாகக்கூடச் சேர்க்க மாட்டோம். வெற்றிக்கு 181 தேவை, இலங்கை 2 விக்கெட்டுக்கு 127இல் நிற்கிறது. அங்கிருந்து சரிவு தொடங்கியது. கடைசியில், ஒரு பவுண்டரி இரண்டு போனால் ஆட்டம் கைமாறும் நேரத்தில், அணித்தலைவர் அலன் போர்டர் பந்தை வோர்னிடம் கொடுத்தார். கடைசி மூன்று விக்கெட்டையும் ஓர் ஓட்டம்கூடக் கொடுக்காமல் எடுத்தார். இலங்கை 164, தோல்வி 16 ஓட்டத்தால். அந்தத் தோல்வி எங்களுக்கு இன்னும் கசக்கிறது, அது வேறு. என்னைக் கேட்டால் அன்றைய கெட்டித்தனத்தில் பாதி போர்டருடையது.

மறுபக்கத்துக்கு ஓர் உதாரணம், சென்னையின் லெக் ஸ்பின்னர் லக்ஷ்மன் சிவராமகிருஷ்ணன். வானொலிக்கு முன் காதை வைத்துக்கொண்டிருந்த என் வயதுக்காரர்களுக்கு அந்தப் பெயர் மறக்காது. 1983இல் அன்ரிகுவாவில் முதல் டெஸ்ட் ஆடும்போது 17 வயது. 1984 கடைசியில் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு இன்னிங்ஸிலும் ஆறு ஆறாக 12 விக்கெட், அடுத்து டெல்லியில் இன்னொரு ஆறு. 1985 மார்ச்சில் மெல்போர்ன் இறுதிப்போட்டியில் பாகிஸ்தானின் மியான்டாட்டை முன்னே இழுத்து ஸ்டம்பிங் செய்ய வைத்தார். எல்லோரும் தலையில் தூக்கி வைத்தார்கள். 1986 ஜனவரியோடு அவரது டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. ஒன்பது டெஸ்ட், 26 விக்கெட். அப்போது வயது 20. மற்றவர்கள் தொழில் பழகத் தொடங்குகிற வயது அது.

ஏனென்றால் இந்தக் கலைக்கு வயது வேண்டும். அவுஸ்திரேலியாவின் கிளாரி கிரிமெட் முதல் டெஸ்ட் விளையாடியது 33 வயதில், எடுத்தது 216 விக்கெட். பாகிஸ்தானின் யாசிர் ஷா 28 வயதில் தொடங்கி, 33 டெஸ்டில் 200 விக்கெட்டைத் தொட்டு, மிகக் குறைந்த டெஸ்டில் 200 எடுத்த அந்தக் கிரிமெட்டின் சாதனையையே முறியடித்தார். 2024 ஓகஸ்டில் பிரேமதாச மைதானத்தில் இந்தியாவை 33 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்துச் சுருட்டிய ஜெப்ரி வன்டர்சேக்கு அப்போது 34. எங்கள் நாட்டின் முதல் டெஸ்ட் அணியில் இருந்த லெக் ஸ்பின்னர் டி.எஸ். டி சில்வா அன்று 39 வயதுக்காரர்! டெஸ்டில் இலங்கைக்காக முதன்முதல் ஓர் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தவரும் அவர்தான். டெஸ்டில் அவர் எடுத்தது 37 விக்கெட். பின்னால் வந்த உபுல் சந்தனவும் 37. ஹசரங்க நாலு டெஸ்டோடு நின்றுவிட்டார். முரளி 800, ஹேரத் 433 என்று எழுதுகிற நாட்டில் லெக் ஸ்பின்னரின் கணக்கு இவ்வளவுதான். அந்த இடம் வெறுமையாகவே கிடக்கிறது. வியாஸ்காந்துக்கு இன்னும் வயது இருக்கிறது. நாலு நாள் போட்டிகளில் ஓர் இன்னிங்ஸுக்கு 25, 30 ஓவர் போடுகிற வாய்ப்பைத் தொடர்ந்து கொடுத்தால் அந்த இடத்துக்கு அவர் வரலாம் என்று நம்புகிறேன். லீக் லீக்காக நாடு சுற்றி நாலு ஓவர் போட்டுக்கொண்டிருந்தால் நல்ல சம்பாத்தியம் வரும். அதையும் நான் குறை சொல்லவில்லை, குடும்பம் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் டெஸ்ட் தொப்பி வராது.

சரி, கொழும்பை நோக்கிச் சொல்வது இருக்கட்டும். இங்கே நாங்கள் என்ன செய்கிறோம்?

17 வயதுக்குட்பட்டோர் போட்டி ஒன்று. எந்தப் பாடசாலை என்பது வேண்டாம். மெலிந்த பெடியன், லெக் ஸ்பின். எனக்கு முன்னால் வந்து தொப்பியைத் தந்துவிட்டு முதல் பந்தைப் போட்டான், புல்டொஸ், ஆறு. இரண்டாவது அரைக்குத்து, நாலு. மூன்றாவது பந்து காலுக்கு வெளியே விழுந்து, துடுப்பைத் தாண்டி, ஓஃப் விக்கெட்டுக்கு மேலால் ஒரு விரலிடையில் போனது. துடுப்பாட்ட வீரனுக்கும் தெரியவில்லை, விக்கெட் காப்பாளனுக்கும் தெரியவில்லை. பந்து எல்லைக்கோட்டுக்குப் போய் பைஸ் நாலு. அந்தப் பெடியன் என் முகத்தைப் பார்த்தான்.

"பிழையா சேர்?"

"இல்லைத் தம்பி, அருமையான பந்து. அப்பிடியே போடும்," என்று மெதுவாகச் சொன்னேன். நடுவர் அப்படிச் சொல்லக்கூடாது, தெரியும்.

மிச்ச மூன்று பந்தில் மூன்று ஓட்டம்தான். ஓவர் முடியவும் எல்லைக்கோட்டிலிருந்து பயிற்றுநர் கத்தினார், "காணும், அவனை எடு! ஒரு ஓவருக்குப் பதினேழு!" பதினேழில் நாலு பைஸ், பந்துவீச்சாளரின் கணக்கிலேயே வராதது. அந்த ஓவரின் மிகச் சிறந்த பந்துக்குக் கிடைத்த கூலி அதுதான். அதற்குப் பிறகு அன்று அவன் கையில் பந்து வரவில்லை. விக்கெட் காப்பாளனை லெக் ஸ்பின்னுக்குப் பழக்குகிற பயிற்றுநரை இங்கே நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். அவனைப் பழக்காமல் பந்துவீச்சாளனைத் தண்டிக்கிறோம்.

அடுத்தது ஆடுகளம். நான் நின்ற போட்டிகளில் பெரும்பாலானவை மற்றிங்கில், அதாவது பாய் விரித்த ஆடுகளத்தில்தான் நடந்தன. மற்றிங்கில் லெக் ஸ்பின் போடுவது சுகம். பந்து எழும்பும், தேவைக்கு மேலேயே திரும்பும், பிள்ளை ஐந்து விக்கெட் எடுப்பான், நீங்கள் படம் போடுவீர்கள். அதே பிள்ளை தெற்கே புல்தரை ஆடுகளத்தில் போய்ப் போட்டால் பந்து வழுக்கிக்கொண்டு நேரே போகும். உடம்பை முழுதாகத் திருப்பி, இடுப்பைச் சுழற்றி, மணிக்கட்டை உடைத்துப் போட்டால்தான் அங்கே திரும்பும். அதைப் பழக புல்தரையும் வேண்டும், பல பின்னேரங்களும் வேண்டும். மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அடிக்கல் நாட்டினார். வரட்டும், நல்லது. அதற்குள் வலையிலே பயிற்சி எடுப்பதற்கு இரண்டு மூன்று பாடசாலைகளுக்குப் பொதுவாக ஒரு புல்தரைப் பட்டி போட்டு, அதை உருட்டித் தண்ணீர் விட ஓர் ஆளையும் போட்டால் ஒரு லெக் ஸ்பின்னருக்கு அது பெரிய மைதானத்தைவிடப் பிரயோசனம்.

மூன்றாவது, போட்டியின் நீளம். யாழ். மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான வடக்கின் பெரும்போர் மூன்று நாள் நடக்கிறது, நாங்களும் பாண்ட் வாத்தியத்தோடு போய் இருக்கிறோம். வருடத்தில் அந்த ஒன்றைப் போல எத்தனை போட்டி கிடைக்கிறது ஒரு 16 வயதுப் பிள்ளைக்கு? மிச்சமெல்லாம் 20 ஓவர், 30 ஓவர். கோயில் திருவிழாக் காலத்தில் மென்பந்துச் சுற்றுப்போட்டி வேறு. சின்ன வயதினருக்கே இரண்டு நாள் போட்டிகள் இன்னும் கூடுதலாக வேண்டும்.

இவையெல்லாம் உங்கள் கையில் இல்லை என்று சொல்வீர்கள், சரிதான். உங்கள் கையில் இருப்பது ஒன்று. 'அடுத்த' என்று தொடங்கும் தலைப்பை ஒரு வருடத்துக்கு ஒதுக்கி வையுங்கள். அந்த இடத்தில் பாடசாலைப் போட்டிகளின் பந்துவீச்சு விபரத்தை முழுதாகப் போடுங்கள்: ஓவர், ஓட்டமற்ற ஓவர், கொடுத்த ஓட்டம், விக்கெட், போட்டி மற்றிங்கிலா புல்தரையிலா என்பது. தேர்வாளர் ஒருவர் கொழும்பில் இருந்து பார்த்தாலும் அதில் ஏதாவது பிடிபடும். மாலை போட்ட படத்தில் ஒன்றும் பிடிபடாது. 22 ஓவர் போட்டு 80 ஓட்டத்துக்கு ஒரு விக்கெட் எடுத்த பிள்ளையின் பெயரும் அப்போது பத்திரிகையில் வரும். அவனது பயிற்றுநர் அடுத்த கிழமையும் அவனுக்குப் பந்தைக் கொடுக்க அது ஒரு காரணமாக இருக்கட்டும்.

போட்டி முடிந்த பின்னேரமே ஸ்கோர் கொப்பியைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பச் சொன்னால் பொறுப்பாசிரியர்கள் மறுக்க மாட்டார்கள். வலிகாமத்துப் பாடசாலைகளோடு கதைக்கிற வேலையை நான் பொறுப்பெடுக்கிறேன். உங்கள் விளையாட்டுப் பகுதியில் யாரோடு தொடர்பு கொள்ள வேண்டும் என்று அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர், பாடசாலைப் போட்டி நடுவர்
கோண்டாவில்